கமிட்டி என்பவர் யார்?

"எனக்கு நியாயம் வேண்டாம். ஒரு பேர் வேணும்," என்றார் இலக்கண டீச்சர்.

காலை பத்து மணி. எங்கள் அலுவலகத்தில் மொத்தம் மூன்று நாற்காலிகள். அதில் கால் ஆடாத ஒன்றே ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தார். ஆங்கில இலக்கணம் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்த குரல். கோபத்தில்கூட கமாவும் முற்றுப்புள்ளியும் அதனதன் இடத்தில் நின்றன.

"பேர் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று அத்தான் கேட்டார்.

"அந்த ஆளை நிம்மதியா இருக்க விடமாட்டேன்."

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய் கிளெய்ம்களைத் தோண்டி எடுத்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் தையல்காரி. என் கடை படுத்துவிட்டபோது, "இவ வீட்டுல இருந்தா என் உயிரை எடுப்பா, நீங்க கூட்டிட்டுப் போங்க, உங்க உயிரை எடுக்கட்டும்" என்று அக்கா என்னை இவர் தலையில் கட்டினாள். எனக்குப் பட்டப்பெயர் ஊசி. தைப்பதால் வந்தது என்று நான் சொல்வேன். குத்துவதால் வந்தது என்று அத்தான் சொல்வார்.

டீச்சரின் கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஆங்கில ஆசிரியர் வேலைக்கான தேர்வு நடந்தது. கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்தவர் இவர். முப்பத்தேழாவது கேள்வியில்தான் வினை. நடுவர்கள் தங்களுக்குள் கருத்து வேறுபட்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம் வரும் ஒரு வாக்கியம். 'ஜூரி' என்ற சொல்லுக்குப் பிறகு 'இஸ்' போட வேண்டுமா, 'ஆர்' போட வேண்டுமா?

"எதைப் போட்டாலும் புரியத்தானே போகுது?" என்றேன் நான்.

டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "ஜூரி, கமிட்டி, டீம், ஃபேமிலி. எல்லாம் ஒரு கூட்டத்துக்கு ஒரே பேர். கூட்டம் ஒரே ஆளா நின்னு ஒரு காரியம் செஞ்சா ஒருமை. 'இஸ்'. உள்ளுக்குள்ள ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தா பன்மை. 'ஆர்'. இந்த வாக்கியத்துல அவங்களுக்குள்ளயே சண்டை. ஒருத்தன் தனக்குள்ளயே எப்படிச் சண்டை போடுவான்?"

"எங்க அத்தான் போடுவார். டாக்டர் வேண்டாம்னு சொன்ன இனிப்பைப் பார்த்தா."

அத்தான் பேனா மூடியைத் திறந்து மூடினார். வாயை மூடு என்பதற்கு அது எங்கள் வீட்டுச் சைகை.

டீச்சர் விடைக்குறிப்பில் எழுதியது 'ஆர்'. கையால் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்துக் கொடுத்தார். ஆனால் அச்சாகி வெளியே வந்ததில் 'இஸ்'. சரியாக எழுதிய நாற்பதாயிரம் பேருக்கு ஒரு மதிப்பெண் போயிற்று. தெருவில் கூட்டம், டிவியில் கூச்சல். தேர்வுக் கமிட்டி உடனே ஓர் அறிக்கை விட்டது. டீச்சர் கைப்பட எழுதிய மூலத்தைக் கமிட்டி கூடிப் பரிசீலித்தது. அதிலேயே 'இஸ்' என்றுதான் இருக்கிறது. விதிப்படி மூலம் அழிக்கப்பட்டது. டீச்சருக்கு ஆயுள் முழுவதும் கற்பிக்கத் தடை.

"ரெண்டு அப்பீல் போட்டேன். ரெண்டும் போச்சு. இன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்குக் கடைசி அப்பீல். இதுவும் போனா நான் செத்தாலும் கரும்பலகை முன்னாடி நிக்க முடியாது. என்கிட்ட படிச்ச பசங்களே என்னை 'இஸ் டீச்சர்'னு சொல்லிச் சிரிக்கறாங்க." முதல்முறையாக அவர் குரல் பிசகியது. "கமிட்டி முடிவு பண்ணிச்சு, கமிட்டி முடிவு பண்ணிச்சுன்னு ரெண்டு வருஷமா ஒரே பாட்டு. கமிட்டிக்கு முகம் இருக்கா? நான் யார் முகத்துல துப்பறது? அஞ்சு பேர் இருக்காங்க. அதுல எவனோ ஒருத்தன் என் 'ஆர்'ஐ 'இஸ்' ஆக்கியிருக்கான். எனக்கு அந்த ஒருத்தன் வேணும்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"கமிட்டித் தலைவர். அவரும் ஒரு இலக்கணக் கையேடு போட்டிருக்கார். என்னோடதுதான் விக்கும்."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "ஊசி, அஞ்சு பேருக்கும் போன் போடு. அப்பீலுக்குக் குறிப்பு எடுக்கறோம்னு சொல்லு. அந்தக் கூட்டத்துல முதல்ல 'சரி'ன்னு சொன்னது யாருன்னு மட்டும் கேளு."

கேட்டேன். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேரும் கிடைத்தார்கள். பெரிய மனிதர்களுக்குப் பகலில் வேலை இருக்காது என்று நான் வெகுநாளாகச் சொல்லி வருகிறேன்.

கல்லூரி முதல்வர், "நான் ஒருத்தன்தாம்மா எதிர்த்தேன். கேக்கலை," என்றார். அகராதிக்காரர், "நான் வாயே திறக்கலை. மத்தவங்கதான் பிடிவாதமா இருந்தாங்க," என்றார். ரேடியோவில் செய்தி வாசிக்கும் அம்மாள் டீச்சருக்காக வாதாடி வாதாடித் தொண்டையே கட்டிப்போனதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற ஸ்கூல் இன்ஸ்பெக்டர் அன்று எல்லோரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாம். தலைவர் கடைசி. "தலைவர் ஓட்டுப் போடறதில்லை. அவங்க நாலு பேரும் சொன்னாங்க, நான் கட்டுப்பட்டேன். மனசே கேக்கலை."

போனை வைத்தேன். "அத்தான், அஞ்சு பேரும் எதிர்த்திருக்காங்க. அப்ப முடிவு பண்ணினது யாரு, மேஜையா?"

"இன்னொரு ரவுண்டு போ. டீச்சர் கையெழுத்துல இருந்த மூலத்தைப் பார்த்தாங்க இல்ல, அது என்ன கலர் மைன்னு கேளு."

இரண்டு பேர் நீலம் என்றார்கள். இரண்டு பேர் கறுப்பு. செய்தி வாசிக்கும் அம்மாள், டீச்சர் என்றால் சிவப்பாகத்தான் இருக்கும் என்றார்.

டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை மேஜைமேல் வைத்தார். ஊதா மை. "விடைக்குறிப்பு எழுதறதுக்குன்னே முப்பது வருஷமா வச்சிருக்கேன்."

"ரெண்டு வருஷம் ஆச்சே, மறந்திருப்பாங்க," என்றேன்.

"மறந்தவன் மறந்துட்டேன்னு சொல்வான்," என்றார் அத்தான். "நான் எத்தனை கிளெய்ம் பார்த்திருக்கேன். நிஜமா விபத்துல இருந்தவனுக்குப் பாதி ஞாபகம் இருக்காது. இல்லாதவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதைதான். அஞ்சு பேரும் அந்த மூலத்தைப் பார்க்கலை."

"பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போட்டாங்க?"

"அதைத்தான் போய்ப் பார்க்கணும்."

டீச்சர் ஏனோ கைப்பையின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான் அதை அப்போது கவனித்தேனே தவிர, கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

---

அப்பீல் போட்டவருக்குக் கோப்பை அரை மணி நேரம் பார்க்க உரிமை உண்டு. பன்னிரண்டரைக்குத் தேர்வு அலுவலகத்தின் ஆவண அறையில் உட்கார்ந்திருந்தோம். இரும்பு அலமாரிகள், ஓடுகிற சத்தம் மட்டும் வருகிற ஒரு மின்விசிறி, நீள மேஜை. கமிட்டியின் கிளார்க் கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். நாற்பது வயது இருக்கும். தலைமுடியிலிருந்து செருப்பு வரை எல்லாம் கோடு போட்டது மாதிரி நேர்த்தி. கூட்டக் குறிப்புகளையெல்லாம் கையால் எழுதுவது அவள் வேலை. அச்செடுத்தால் யாராவது தாளையே மாற்றிவிடுவார்கள் என்று அங்கே ஒரு பழைய விதி.

"பக்கத்தைத் திருப்பலாம், எடுக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எங்கள் மூவரில் இருவரைப் பார்த்தாள். டீச்சரைப் பார்க்கவில்லை.

கோப்பில் ஏழெட்டு வருடக் கூட்டக் குறிப்புகள். எல்லாம் நீளத் தாள்கள், மூலையில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்தவை. ஒவ்வொன்றிலும் மேலே முடிவு, கீழே கையெழுத்துகள். டீச்சருக்குத் தடை விதித்த தாளை அத்தான் இரண்டு தடவை படித்தார். ஐந்து கையெழுத்தும் இருந்தன. அசல்தான்.

"சட்டப்படி ஓட்டை இல்லை," என்று முணுமுணுத்தார்.

எனக்குச் சட்டம் தெரியாது. துணி தெரியும். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி ஒன்றரை மீட்டரில் முழுக்கை ரவிக்கையும் பாவாடையும் கேட்டது ஞாபகம் வந்தது.

"அத்தான், இவங்களுக்குத் துணி பத்தலை."

"என்ன?"

"மேல பாருங்க. எழுத்து காலை நீட்டிப் படுத்திருக்கு. வரிக்கு வரி ஒரு விரல் இடைவெளி. கீழ வர வர நெருக்கம். கடைசி மூணு வரியில எறும்பு போக இடமில்லை. இடம் பத்தலைன்னா என்ன பண்ணுவோம், கையெழுத்தைக் கீழ தள்ளிப் போடுவோம். இங்க கையெழுத்து நகரலை, எழுத்து ஒடுங்கியிருக்கு. அப்ப எது முதல்ல வந்துச்சு?"

அத்தான் தாளின்மேல் குனிந்தார். பேனா மூடி அசையவில்லை.

"கையெழுத்துதான் முதல்ல," என்றார் மெதுவாக. "வெறும் தாள்ல."

"இன்னும் இருக்கு." என் பையில் அளவு நாடா இல்லாத நாள் கிடையாது. எடுத்து வைத்தேன். மற்ற தாள்கள் எல்லாம் முப்பத்தைந்து சென்டிமீட்டர். இது முப்பத்திரண்டு. "அடியில மடிப்புக்கு விடுற அளவு வெட்டியிருக்கு. நல்ல கத்தரிக்கோல். கை நடுங்கலை."

எதிரே கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரம் ஆச்சு," என்றாள். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

---

வெளியே வராந்தாவில் ஒரு தூண் ஓரமாக டீச்சரை நிறுத்தினார் அத்தான்.

"டீச்சர், இந்த ஆபீஸ்ல வெறும் தாள்ல கையெழுத்து வாங்கி வைக்கற பழக்கம் இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்?"

"வெட்டின இடத்துல ஒரு கையெழுத்து இருந்திருக்கணும். அஞ்சு பேர் போடற தாள்ல ஆறாவது கையெழுத்து. கோப்புல பழைய தாள்களைப் பார்த்தேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்தக் கமிட்டியில ஆறு பேர். ஆறாவது ஆள் எப்பவும் கடைசியில, அடியில போடுவாங்க. அழகான கையெழுத்து."

டீச்சர் கைப்பையின் வாரை மறுபடி சரிசெய்தார்.

"கேள்வித்தாள் தயாரிக்கறவங்க கமிட்டியில இருக்கக் கூடாதுன்னு விதி. அதனால அந்த ஆறாவது ஆள் விலகிட்டாங்க. கேள்வித்தாள் தயாரிச்சாங்க. நீங்கதானே அது?"

தூணில் சாய்ந்துகொண்டார் டீச்சர்.

"எல்லாரும் போடறதுதான்," என்றார் கடைசியில். "வருஷத்துல முதல் கூட்டம். டீ வரும். கூடவே ஒரு கட்டு வெறும் தாள் வரும். பேசிக்கிட்டே போட்டுக் கொடுத்துடுவோம். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க, நீங்களே எழுதிக்கோங்கன்னு அர்த்தம். யாரும் தப்பா நினைக்கலை."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். இந்த அம்மாள் சொந்தக் கையெழுத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

"அப்ப தலைவர்தான்," என்று டீச்சர் நிமிர்ந்தார். கண்ணில் பழைய வெறி திரும்பிவிட்டது. "அந்தப் பழைய கட்டை வச்சுக்கிட்டு அவர்தான் எழுதச் சொல்லியிருக்கார். எனக்கு அது போதும்."

"இல்லை," என்றார் அத்தான். "தலைவருக்குப் பழைய தாள் எதுக்கு? புதுத் தாளை நீட்டினா அந்த நாலு பேரும் படிக்காமலே போட்டுத் தந்திருப்பாங்க. உங்க கையெழுத்து இருக்கற தாளை எடுத்து, அதை வெட்டி, ஒட்ட ஒட்ட எழுதற தலைவலி அவருக்குத் தேவையே இல்லை. பழைய தாள் யாருக்கு வேணும்? அஞ்சு பேர்கிட்டயும் போய்க் கையெழுத்துக் கேக்க முடியாத ஆளுக்கு. அலமாரிச் சாவி இருக்கற ஆளுக்கு. அறிக்கை வெளியே வந்தப்புறம் அந்த அஞ்சு பேரும் மறுக்கவும் முடியாது, மறுத்தா வெறும் தாள் கதை வெளியே வந்துடும்."

நானும் டீச்சரும் ஒரே நேரத்தில் ஆவண அறைக் கதவைப் பார்த்தோம்.

---

கிளார்க் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் மூடினாள்.

"அளவு நாடாவை எடுத்தப்பவே தெரிஞ்சது," என்றாள் என்னிடம். "ரெண்டு வருஷமா வக்கீலுங்க படிச்ச தாள். ஒருத்தரும் அளந்து பார்க்கலை."

"உனக்கும் எனக்கும் என்ன பகை?" என்றார் டீச்சர். "உன் பேர்கூட எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். என் தங்கச்சி பேரும் தெரியாது. ஆனா அவ உங்க வீட்டுக்கு வந்திருக்கா."

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்தாள். அதிலிருந்து நாலாக மடித்த ஒரு மனுவை எடுத்து டீச்சர் முன்னால் விரித்தாள். ஆங்கிலத்தில் கையால் எழுதியது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் சிவப்பு மையில் ஒரு சொல் அடிக்கப்பட்டு, மேலே இன்னொரு சொல் எழுதியிருந்தது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சி இதே தேர்வு எழுதினா. பாஸ். காப்பி அடிச்சான்னு எவனோ மொட்டைக் கடிதம் போட்டான். கமிட்டி கூடிப் பரிசீலிச்சு அவ ரிசல்ட்டை ரத்து பண்ணிச்சு. ஆறு கையெழுத்து. அவ ஒவ்வொரு வீடாப் போனா. அஞ்சு பேர் வாசல்லயே விரட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் மனுவை வாங்கிப் படிச்சீங்க." அவள் விரல் அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் நின்றது. "'தி கமிட்டி ஹேவ் டிசைடட்'னு எழுதியிருந்தா. ஆறு பேர் உக்காந்து, ஆளாளுக்கு யோசிச்சு முடிவு பண்ணியிருப்பாங்கன்னு அவ நம்பினா. நீங்க 'ஹேவ்'வை அடிச்சிட்டு 'ஹாஸ்'னு போட்டீங்க. கமிட்டின்னா ஒருமை, முதல்ல இதைக் கத்துக்கோ, கமிட்டி முடிவு பண்ணிட்டா நான் என்ன பண்ண முடியும்னு சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துட்டீங்க."

டீச்சர் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவ அன்னைக்கு வந்து அழலை. புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டா. இப்ப சலவைக் கடையில இஸ்திரி போடறா. யார்கிட்டயும் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசமாட்டா. நான் கெஞ்சிக் கூத்தாடி இந்த செக்ஷனுக்கு மாத்தல் வாங்கிட்டு வந்தேன். அவ கேஸ்ல என்ன பேசினாங்கன்னு பார்க்கணும்னு ஆசை. அலமாரியைத் திறந்தா ஒரு கட்டு வெறும் தாள். ஆறு கையெழுத்தோட." அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "யாருமே பேசலை. யாருமே படிக்கலை. எனக்கு முன்னாடி இருந்த கிளார்க் போன்ல யாரோ சொல்லக் கேட்டு அவ தலையெழுத்தை எழுதியிருக்கான். அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன், உங்களுக்கும் இதே மாதிரி ஒரு தாள் வரணும்னு. மத்த அஞ்சு பேரும் அவளைப் பார்க்கலை. நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டும் இலக்கணம் திருத்தினீங்க. உங்க விடைக்குறிப்பு அச்சுக்கு என் கை வழியாத்தான் போச்சு, நகல் எடுக்கறப்ப 'ஆர்'ஐ 'இஸ்' ஆக்கினேன்."

"அதுக்காக நாற்பதாயிரம் பேரோட மார்க்கைக் கெடுத்தியா?" என்றார் அத்தான்.

"அவங்களுக்குத் திருப்பிக் கொடுத்துட்டாங்க சார், ஒரு வாரத்துல. தெருவுக்கு வந்தாங்க, கிடைச்சுது. என் தங்கச்சி ஒரே ஆளு."

டீச்சர் மனுவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சிவப்பு எழுத்து அவருடையதுதான். அதை மறுக்க அவர் முயலவும் இல்லை.

கிளார்க் உறையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு விழுந்தது. அடியில் போட்ட அந்த அழகான கையெழுத்து. "வெட்டினதை எறியலை. என்னைக்காவது நீங்க கண்டுபிடிச்சு வருவீங்க, அப்ப உங்க கையிலயே கொடுக்கணும்னு வச்சிருந்தேன். எடுத்துக்கிட்டுப் போங்க. இதைக் காட்டினா என்னை ஜெயில்ல போடலாம். கூடவே நீங்களும் மாட்டுவீங்க. காட்டலைன்னா அஞ்சு பேரும் பெரிய மனுஷங்களாவே இருப்பாங்க. உங்க இஷ்டம்."

மணி இரண்டு நாற்பது.

---

விசாரணை அறையில் எங்களையும் உட்கார விட்டார்கள். அப்பீல் அதிகாரி வேர்க்க விறுவிறுக்கக் கோப்பைப் புரட்டுகிற ரகம். ஐந்து உறுப்பினர்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் டீச்சரைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்தார். டீச்சர் பதிலுக்கு அசைக்கவில்லை.

அத்தான் வரி நெருக்கத்தைக் காட்டினார். ஊதா மையைச் சொன்னார். நான் நாடாவை வைத்து அளந்து காட்டினேன். ஐந்து பேரின் முகமும் வெளுத்தது. செய்தி வாசிக்கும் அம்மாளுக்கு நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது.

அதிகாரி கெட்டிக்காரர். பெரிய பள்ளத்தைப் பார்த்ததும் ஒரு சின்னப் பலகை போட்டு மூடப் பார்த்தார். "எழுதினது கிளார்க்தானே? அப்ப இது கிளார்க் செஞ்ச மோசடி. தாள் எப்படி அந்தம்மா கைக்குப் போச்சுங்கறதை நாம கிளற வேண்டாம். கமிட்டி மேல குற்றமில்லை. டீச்சர், உங்க தடை இப்பவே ரத்து. திங்கக்கிழமை நீங்க வகுப்புக்குப் போகலாம். எல்லாருக்கும் நல்லது. சம்மதம்தானே?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அத்தான் பெருமூச்சு விட்டார். எங்கள் வேலை முடிந்தது என்று நான் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

டீச்சர் எழுந்தார். அந்த ஐந்து பேரையும் இடமிருந்து வலமாக, வருகைப் பதிவு எடுப்பது மாதிரி ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து காகிதத் துண்டை எடுத்து, வெட்டிய தாளின் அடியில் சரியாகப் பொருத்தி வைத்தார்.

"கமிட்டி மேல குற்றமில்லைன்னு எழுதாதீங்க சார். கமிட்டின்னு யாருமே இல்லை. கல்லூரி முதல்வர் வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டார்னு எழுதுங்க. அகராதிக்காரர் போட்டார்னு எழுதுங்க. இந்தம்மா, இன்ஸ்பெக்டர், தலைவர், ஒவ்வொருத்தர் பேரா எழுதுங்க. ஆறாவதா என் பேர். கிளார்க் பேரையும் எழுதுங்க, அவளையும் நான் விடப்போறதில்லை. இதுக்கு முன்னாடி இப்படிப் போட்ட கையெழுத்துல எத்தனை பேர் வாழ்க்கை போச்சுன்னு எண்ணிப் பாருங்க. ஒண்ணு எனக்குத் தெரியும்."

"டீச்சர், இதைச் சொன்னா உங்க தடையை நான் நீக்க முடியாது. உங்க மேலயும் விசாரணை வரும்," என்றார் அதிகாரி.

"வரட்டும்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று தலைவர் எழுந்துவிட்டார். "திங்கக்கிழமை வகுப்புக்குப் போக வேண்டியவங்க நீங்க."

"நான் போகாட்டாப் பரவாயில்லை," என்றார் டீச்சர். "நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியாச் சாப்பிடறதை என்னால தாங்க முடியாது."

நாலரை மணிக்கு உத்தரவு வந்தது. விடைக்குறிப்பைப் பிழையாக எழுதிய குற்றச்சாட்டு தள்ளுபடி. கமிட்டி கலைப்பு. ஐந்து பேரும் தனித்தனியே விளக்கம் எழுதித் தர வேண்டும். முன்கையெழுத்துத் தாள்களில் எடுத்த ஒன்பது முடிவுகளும் மறுபடி விசாரிக்கப்படும், நாலு வருடத்துக்கு முந்தைய அந்த ரிசல்ட் உட்பட. கிளார்க் பணிநீக்கம். டீச்சருக்கு, புதிய விசாரணை முடியும்வரை, தடை தொடரும். அது முடிய எத்தனை வருடம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

வராந்தா பெஞ்சில் கிளார்க் தன் பொருள்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடிதடி வந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று நானும் அத்தானும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

"உங்களுக்கு வேலை திரும்பக் கிடைச்சிருக்குமே," என்றாள் கிளார்க். "ஏன் சொன்னீங்க?"

"உன்னைக் காப்பாத்தச் சொல்லலை. உன் மேல இருக்கற கோபம் எனக்குப் போகலை. போகாது."

"எனக்கும்தான், உங்க மேல."

"தெரியும்."

கிளார்க்கின் போன் அடித்தது. திரையைப் பார்த்தாள். எடுக்கவில்லை. நின்றுவிட்டு மறுபடி அடித்தது.

"தங்கச்சி. ஆபீஸ்ல யாரோ சொல்லியிருப்பாங்க." அவள் போனை டீச்சர் பக்கம் நீட்டினாள். அந்தக் கையில் இரக்கம் ஏதுமில்லை. "நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க."

டீச்சர் போனை வாங்கினார். வாங்கியவர் காதில் வைக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து "அக்கா? அக்கா?" என்று கூப்பிடுவது நாங்கள் நின்ற இடம்வரை கேட்டது.

"அக்கா இல்லைம்மா," என்றார் டீச்சர். "நான் யாருன்னு சொன்னா நீ போனை வச்சிடுவே. வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. கமிட்டி இல்லை. உன் தாள்ல கையெழுத்துப் போட்டது நான்."